அறுபத்து நாலு கையெழுத்து

என் வீட்டுக்காரரை அந்தக் கேட்டில் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். இதை வேறு யாராவது என் முகத்துக்கு நேரே சொன்னால் அவர்களைச் சும்மா விடமாட்டேன். நானே சொல்லிக்கொள்வது வேறு. நான் செய்த காரியத்தை நான் சொல்லாவிட்டால் கம்பெனி எழுதி வைத்த கதைதான் மிஞ்சும். அவர்கள் எழுதியதை ஒழுங்காக வாசிக்காமல் நம்பியதில்தான் இவ்வளவும் வந்தது.

எனக்கு ஊர் தேவதானம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டு மேலேயே இருக்கும் ஒரு கம்பெனியில் பதினொரு வருஷமாகத் தையல் மிஷின் ஓட்டினேன். சமையலறைத் துண்டு தைப்போம். அமெரிக்காவில் தட்டு துடைப்பதற்கு. ஓரம் மடித்து அடித்து, மூலையில் தொங்கவிட ஒரு வளையம் வைத்து, ஒரு ஷிப்டுக்கு நானூறு துண்டு. என் வீட்டில் தட்டு துடைப்பது என் பழைய நைட்டி கிழிசல், அது வேறு விஷயம். தையல் பகுதிக்குப் பின்னாலேயே முதலாளியின் நூல் மில்லும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே காம்பவுண்டு, ஒரே கேட்டு.

என் வீட்டுக்காரர் விஜயபாண்டி பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தார். எங்கள் பக்கம் பட்டாளத்தில் இருந்து திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வேலைக்குத்தான் போவார்கள். பேங்க் வாசல், ஏ.டி.எம். வாசல், மில் வாசல். துப்பாக்கி பிடித்த கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவார்கள். இவர் மட்டும் மாட்டேன் என்றார்.

"பதினேழு வருசம் அடுத்தவன் கேட்டுல நின்னாச்சு, முனீசு. இனிமே நின்னா என் தோட்டத்துலதான் நிப்பேன்."

சொன்னபடியே நின்றார். கிணற்றோடு இரண்டரை ஏக்கர். பன்னிரண்டு வருஷம் பருத்தி போட்டார். அதில் நாலு வருஷம் நன்றாக வந்தது, நாலு வருஷம் கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது, மிச்சத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. கடைசி இரண்டு போகமும் காய்ப்புழு தின்றது. போன வருஷம் கோடைப் பருத்தி விதைக்கும்போது எங்களுக்குள் ஒரு பேச்சு முடிவானது. இந்தத் தடவை கிலோ எழுபதுக்குப் போனால் அவர் தோட்டத்திலேயே இருப்பார். போகாவிட்டால் சீருடை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு வாசலுக்குப் போவார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தடவை பருத்தி அப்படி வந்தது. இருபது குவிண்டாலுக்குக் குறையாது. ஆடி மாதம் முழுக்க எடுத்து எடுத்து, வீட்டு முன்கூடமான பட்டாசலில் கொட்டினோம். எங்கள் வீட்டுக்கு இருப்பதே ஒரு பட்டாசலும் ஓர் உள்ளறையும்தான். வாசலைத் தாண்டியதும் கூரை வரைக்கும் வெள்ளை. மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, இருப்பது நாங்கள் இரண்டு பேர், அதனால் சமாளித்தோம். நெருப்புக்குப் பயந்து கேஸ் அடுப்பைப் பின்வாசலுக்கு மாற்றினேன். சாமி விளக்குகூட வெளியேதான். பீடி பிடிக்க அவர் தெருக்கோடிக்குப் போவார். ராஜபாளையத்தில் கமிஷன் கடை வைத்திருக்கும் சமுத்திரம் வந்து, கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து நாரை இழுத்துப் பார்த்துவிட்டு, அறுபத்தெட்டு தரலாம் என்றார். இவர் சிரித்துக்கொண்டே, ஆவணி பிறக்கட்டும் என்றார். அந்தச் சிரிப்பை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

இந்த நேரத்தில்தான் அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கு வரி போட்டான். ஐம்பது சதவீதம்.

ஆடிக் கடைசியில் ஒருநாள் எங்கள் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டி பெனின் பேசினான். அவன்தான் கம்பெனி மேனேஜர். முப்பது வயது இருக்கும், எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவான், குரலை உயர்த்தியதே இல்லை. இனி நம் துண்டு அங்கே இறங்கினால் பாதி விலையை வரியாகக் கட்ட வேண்டும் என்றான். எனக்குப் பக்கத்து மிஷின் எப்சி, அந்த வரியைக் கட்டுவது யார், அவர்களா நாமா என்று கேட்டாள். நல்ல கேள்வி. காகிதத்தில் கட்டுவது அங்கே இறக்குகிறவன்தான் என்றும், ஆனால் அவன் நம்மிடம் விலையைக் குறைக்கச் சொல்வான், குறைக்காவிட்டால் வேறு நாட்டில் வாங்கிக்கொள்வான் என்றும் பெனின் சொன்னான். அதற்கு ஒரே வழி நம் செலவைக் குறைப்பது. நம் நாட்டில் பஞ்சு இறக்குமதிக்குப் பதினொரு சதவீதம் வரி இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் நூல் விலை குறையும், நூல் குறைந்தால் துண்டு குறையும், துண்டு குறைந்தால் உங்கள் வேலை தப்பும். இதுதான் அவன் போட்ட கணக்கு.

ஆளுக்கொரு மனுத் தாள் கொடுத்தார்கள். குறைந்தது பத்துக் கையெழுத்து வாங்கி வரவேண்டும். என்னிடம் தாளைக் கொடுக்கும்போது பெனின் நின்று ஒரு வார்த்தை சொன்னான்.

"உங்க ஊருப் பக்கம் பருத்திக்காரங்க நெறைய பேரு இருக்காங்கல்ல அக்கா. விவசாயி கையெழுத்துன்னா மனுவுக்கு வெயிட்டு ஜாஸ்தி."

தெரிந்தேதான் சொன்னான். எம்.பி.ஏ. படித்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? பருத்திக்காரன் கழுத்தில் விழப்போகும் கத்திக்குப் பருத்திக்காரனிடமே சாணை பிடித்து வாங்கி வரச் சொன்னான். அதையும் அக்கா என்று சொல்லிச் சொன்னான். இன்றைக்கும் அந்த அக்காவை நினைத்தால் எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறுகிறது.

ஆனால் அன்றைக்கு ஏறவில்லை. அன்றைக்கு எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் ஒன்றுதான். வீட்டுக்கு வந்து, பருத்திக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதரிடம் தாளை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்க வாசித்தார். பட்டாளத்துப் பழக்கம், எதையும் வாசித்துத்தான் போடுவார்.

"பஞ்சு வரி சரி. அதென்ன இறக்குமதின்னு ஒரு வார்த்தை கெடக்கு?"

"எழுதுறதுக்கு என்னமாவது எழுதுவாங்க. வரி போனா மில்லு ஓடும், மில்லு ஓடுனா பருத்தி ஓடும். போடுங்க."

போட்டார். எங்கள் ஊரில் யாருக்காக என்று கேட்போம், எதற்காக என்று கேட்க மாட்டோம். மருமகன் வேலைக்கு, மச்சான் ரேஷன் கார்டுக்கு, பக்கத்து வீட்டுக்காரன் பட்டாவுக்கு என்று கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. அவருக்கு நான் கேட்டதே போதுமானதாக இருந்தது. அதோடு விடவும் இல்லை. பெண்டாட்டி பத்து வாங்க அலையக்கூடாது என்று, மறுநாள் அவரே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தேவதானத்தில் பாதி, சேத்தூரில் மீதி. பட்டாளத்துக்காரர் கேட்டால் யார் மறுப்பார்கள்? வரியை எடுக்கச் சொல்லி மனு என்றதும் ஆளாளுக்குப் பேனாவைப் பிடுங்கினார்களாம். வரி என்றால் எங்களுக்குத் தெரிந்தது வீட்டு வரி, தண்ணீர் வரி, கடையில் எதை வாங்கினாலும் கூட ஒட்டிக்கொண்டு வரும் வரி. எல்லாம் நம் பையில் கை விடுகிற சமாச்சாரம். நமக்குத் துணையாக நிற்கிற வரி என்று ஒன்று உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவரையும் சேர்த்து அறுபத்து நாலு. கம்பெனியிலேயே அதிகம் வாங்கி வந்தது நான்தான். தாள்களை அவர் கையாலேயே முதலாளியிடம் கொடுக்க வைத்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, முதலாளியோடு கை குலுக்கி, போட்டோவுக்குச் சிரித்துவிட்டுப் போனார்.

பத்து நாள் ஆகவில்லை, டெல்லியில் வரியை எடுத்துவிட்டார்கள். எங்கள் தாளைப் பார்த்து எடுத்தார்களா, பெரிய பெரிய சங்கங்கள் கேட்டதற்கு எடுத்தார்களா, இல்லை எங்கள் தாள் கட்டுப் பிரிக்காமலே கிடக்கிறதா, எனக்குத் தெரியாது. கம்பெனியில் அன்றைக்கு ஆளுக்குக் கால் கிலோ பால்கோவா கொடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, இன்னும் சூடு ஆறாதது. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு பேரும் பருத்தியில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டோம்.

ஆவணி மூன்றாம் வாரம் அவர் சமுத்திரத்தின் கடைக்கு விலை பேசப் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் உள்ளே வரவில்லை. நான் அன்றைக்கு லீவு. வெளியே போய்ப் பார்த்தால், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வண்டி மேலேயே உட்கார்ந்திருக்கிறார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

சமுத்திரம் ஐம்பத்தாறு என்றிருக்கிறார். போன மாதம் அறுபத்தெட்டுக்குக் கேட்ட வாய். இவர் ஏன் என்று கேட்டதற்கு, வெளிநாட்டுப் பஞ்சு வரி இல்லாமல் கப்பலில் வருகிறது, மில்காரர்கள் எல்லோரும் அதற்குக் காத்துக்கொண்டு உள்ளூர்ப் பஞ்சைத் தொடமாட்டேன் என்கிறார்கள் என்றாராம். இவர் விடவில்லை. வரியை எடுத்தது நமக்கு நல்லதுக்குத்தானே என்று கேட்டிருக்கிறார். கடையில் இருந்த நாலு பேருக்கு முன்னால் சமுத்திரம் சிரித்திருக்கிறார்.

"ஏப்பா, அது ஒன் தலையில போட்ட வரி இல்ல. வெளிய இருந்து வாரவன் தலையில போட்ட வரி. ஒன் தோட்டத்துக்கு அது முள்வேலி மாதிரி. அத நீயே பிடுங்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு இங்க வந்து வெல கேக்க."

அவருக்கு எப்படித் தெரியும் என்று இவர் விழித்திருக்கிறார். சமுத்திரம் அவரைக் கடை வாசலுக்குக் கூட்டிவந்து எதிரே காட்டியிருக்கிறார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், பதினைந்து அடி ஃப்ளெக்ஸ். பஞ்சு வரியை நீக்கிய அரசுக்கு விவசாயப் பெருமக்களின் நெஞ்சார்ந்த நன்றி. கீழே கம்பெனிப் பெயர். நடுவில் வெள்ளைச் சட்டையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு என் வீட்டுக்காரர்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும். அவர் கத்தவில்லை.

"அந்த வார்த்தைய நான் அன்னைக்கே கேட்டேன், முனீசு."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் பேசியதெல்லாம் சாப்பாடு, தண்ணீர், சாவி எங்கே என்பதுதான்.

மறுநாள் காலையில் ஷிப்டு தொடங்கும் முன்னால் நேரே பெனின் அறைக்குப் போனேன். ஃப்ளெக்ஸை இறக்கச் சொன்னேன். இன்னும் ஒரு வாரத்தில் கட்டியவர்களே இறக்கிவிடுவார்கள் என்றான். பருத்தி விலை என்ன ஆகியிருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். அதையும் கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னான்.

"கொஞ்ச பேருக்கு நஷ்டம் வரத்தான் செய்யும் அக்கா. ஆனா நூல் வெல கொறஞ்சா துணி வெல கொறையும், வாங்குற எல்லாருக்கும் நல்லது. மொத்தமா பாத்தா நாட்டுக்கு லாபம்."

"அந்த நாட்டுல தேவதானம் இருக்கா, தம்பி?"

போனை எடுத்துப் பார்த்தான். அன்று மாலை எப்சியைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் போனேன். பிசிர் நூல் வெட்ட வைத்திருக்கும் சின்னக் கத்தரி எங்கள் இரண்டு பேர் பையிலும் இருந்தது. பட்டப்பகலைப் போல வெளிச்சம், ரோடு நிறைய ஜனம். எப்சி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கயிற்றை அறுத்தோம். யாரோ என்னம்மா செய்கிறாய் என்று கேட்டார்கள். என் புருஷனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். சுருட்டி ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு மூலையில் தள்ளி வைத்தார்.

ஊரில் யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. ஐயாதுரை அண்ணன் ஒருவர்தான் வீடு வரைக்கும் வந்தார். நாலு ஏக்கர் பருத்திக்காரர். வாசலில் நின்றபடியே, "நீ சொன்னேன்னுதான் பாண்டி போட்டேன்" என்றார். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். அறுபத்து மூன்று பேரில் யாராவது ஒருவர் அங்கே இருப்பார்கள். தோட்டத்துக்குக்கூட ஊரைச் சுற்றிக்கொண்டு ஓடை வழியாகத்தான் போவார். எதிரிக்கு முன்னால் நின்ற மனிதர், சொந்த ஊரில் பதுங்கிப் பதுங்கி நடந்தார். அதைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்கும் என்று நினைக்கிறீர்களா?

புரட்டாசி முழுக்கக் காத்திருந்தோம். விலை ஏறவில்லை. ஐப்பசி மழை முன்கூட்டியே வந்து வடக்குச் சுவர் ஓதம் அடித்தது. ஈரம் பட்டால் பருத்தி பழுப்பேறிவிடும், பிறகு ஐம்பத்தாறும் கிடைக்காது. ஒருநாள் காலையில் அவரே லோடு ஆட்டோவைக் கூட்டி வந்தார். மூட்டைகளை ஏற்றி முடித்ததும் தூறல் பிடித்தது. மூடுவதற்கு வீட்டில் அவ்வளவு பெரிய துணி வேறு இல்லை. மூலையில் கிடந்த ஃப்ளெக்ஸை எடுத்து, தன் முகம் உள்ளே போகும்படி கவிழ்த்துப் போட்டு, நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். சமுத்திரம் ஐம்பத்து நாலு கொடுத்தார். பட்டாசலைக் கூட்டிப் பெருக்கினேன். அவ்வளவு பெரிய வீடாக அது எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

தீபாவளிக்குத் துணி எடுக்க எப்சியோடு கடைக்குப் போனேன். வெளிநாட்டுப் பஞ்சு வந்தாகிவிட்டது, நூல் விலையும் இறங்கியது என்று கம்பெனியிலேயே பேச்சு. போன வருஷம் வாங்கிய அதே தினுசு நைட்டியைக் கேட்டேன். அதே விலை. இல்லை, பத்து ரூபாய் கூட. பஞ்சு இறங்கியிருக்கிறதே என்று கேட்டதற்கு, அதெல்லாம் எங்கள் வரைக்கும் வராதம்மா என்றார் கடைக்காரர். அவர் வரைக்கும் வரவில்லை. என் வரைக்கும் வரவில்லை. அமெரிக்காவில் தட்டு துடைக்கிறவளுக்கும் வரவில்லை, அவள் வரியோடு சேர்த்துக் கூடத்தான் கொடுக்கிறாளாம், எப்சியின் அண்ணன் மகள் அங்கே இருந்து சொன்னாள். அப்படியானால் என் வீட்டுக்காரரின் பருத்தியில் கிலோவுக்குப் பதினாலு ரூபாயைப் பிடுங்கினார்களே, அது யார் வயிற்றுக்குள் போனது? நைட்டியைக் கடையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

தீபாவளி முடிந்த பத்தாம் நாள் அவர் சீருடை மாட்டினார். முன்னாள் பட்டாளத்துக்காரர்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் பெயர் கொடுத்திருந்தார். எங்கே ஆள் கேட்கிறார்களோ அங்கே அவர்கள் அனுப்புவார்கள். அவரை எங்கள் கம்பெனி கேட்டுக்கே அனுப்பினார்கள். வேறு இடம் கேளுங்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன்.

"எந்தக் கேட்டா இருந்தா என்ன? தேவதானத்துல நடக்கதுக்கு இது மேல்."

இப்படித்தான் நான் தினமும் காலையில் சின்னக் கேட்டு வழியாக உள்ளே போகும்போது என் புருஷன் என் அடையாள அட்டையைப் பார்த்து அனுப்புவார். எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. ஆட்களுக்குச் சின்னக் கேட்டு, சரக்குக்குப் பெரிய கேட்டு. லாரி வந்தால் ஆள் ஒதுங்கி நிற்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னர் லாரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் ஓடிப்போய்ப் பெரிய கேட்டைத் தள்ளித் திறந்து, வண்டி நம்பர், சரக்கு, எத்தனை பேல் பொதி என்று நோட்டில் எழுதி, கை காட்டி உள்ளே விடுவார். வெளிநாட்டுப் பஞ்சு. எந்தப் பஞ்சு வந்து அவரைத் தோட்டத்தை விட்டுத் துரத்தியதோ அதற்குக் கதவைத் திறந்துவிடுவது இப்போது அவருடைய வேலை. நான் ஒதுங்கி நின்று பார்ப்பேன். பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலித்தது.

அந்தப் பஞ்சால் எங்கள் வேலையாவது தப்பியதா என்றால் அதுவும் இல்லை. மில் மூன்று ஷிப்டும் ஓடியது, நூல் திருப்பூருக்குப் போனது. துண்டுக்கு மட்டும் அமெரிக்காவிலிருந்து ஆர்டர் வரவே இல்லை. பதினொரு சதவீதத்தைக் குறைத்து ஐம்பதை எப்படி ஈடு கட்டுவது? இது ஆடி மாதமே பெனினுக்குத் தெரியாதா? மில்லுக்கு மலிவுப் பஞ்சு வேண்டியிருந்தது, அதற்கு எங்கள் பயத்தைக் கூலியாள் மாதிரி வேலை வாங்கிக்கொண்டார்கள்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, தையல் பகுதியில் இருந்த முப்பத்தெட்டு பேரையும் அதே சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். பெனின் ஆளுக்கொரு தாள் கொடுத்தான். அதில் போட்டுவிட்டால் இந்த மாதச் சம்பளத்தோடு இன்னொரு மாதச் சம்பளமும் கிடைக்கும், ஆர்டர் வந்ததும் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவோம் என்றான். எப்சி பேனாவை எடுத்துவிட்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். முதலில் வாசி என்றேன். அவள் கண் கலங்கியிருந்தது, எழுத்துத் தெரியவில்லை என்றாள். அதனால் நான் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

எனது சொந்தக் காரணங்களுக்காக, எனது முழு விருப்பத்தின் பேரில், வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். நிறுவனத்திடமிருந்து எனக்கு வரவேண்டியது எதுவும் இல்லை.

ஒரு தடவை வாசித்துவிட்டு, இன்னொரு தடவையும் வாசித்தேன். பதினொரு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன், சட்டப்படி எனக்கு வரவேண்டியது நிறைய இருக்கிறது என்று எனக்கே தெரியும். ஆர்டர் இல்லாததால் நாங்கள் அனுப்புகிறோம் என்று எழுதிக் கொண்டுவா, போடுகிறேன் என்று பெனினிடம் சொன்னேன். எப்சி பேனாவை மூடினாள். பின்னால் இன்னும் சில பேனாக்கள் மூடும் சத்தம் கேட்டது. பெனின் என் அருகில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னான்.

"அண்ணாச்சி நம்ம கேட்டுலதான் நிக்காரு. கொஞ்சம் யோசிச்சுக்கோங்க அக்கா."

தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு வெளியே வந்தேன்.

கேட்டுக்கு வெளியே ஒரு கன்டெய்னர் லாரி வந்து நின்றிருந்தது. அவர் அதன் விவரத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஷிப்டு நடுவில் வெளியே போகிறவர்கள் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவை வாங்கினேன், ஆனால் உடனே போடவில்லை. அந்தப் பக்கம் முழுக்க வாசித்தேன். பஞ்சு, தூத்துக்குடி. பஞ்சு, தூத்துக்குடி. பஞ்சு, தூத்துக்குடி. எல்லாம் அவருடைய குண்டு குண்டான கையெழுத்து. கடைசியில் என் பெயரை எழுதியிருந்தார், வெளியே போகும் நேரம் பதினொன்று இருபது. அது உண்மைதான். போட்டேன்.

போட்டுவிட்டுச் சொன்னேன். உள்ளே ஒரு தாள் கொடுத்தார்கள், அதில் போடவில்லை. உங்கள் வேலைக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டு வருகிறேன். திட்டுவதானால் இங்கேயே திட்டிவிடுங்கள்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஆவணியிலிருந்து அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வாசிச்சியா?"

"வாசிச்சேன். ரெண்டு தடவ."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் வழக்கம் போலச் சுவரோரம் ஒதுங்கினேன். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு போய்ப் பெரிய கேட்டின் தாழ்ப்பாளை எடுத்து, இரண்டு கதவையும் முழுக்கத் தள்ளித் திறந்தார். லாரி உறுமிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. அவர் நடுவில் போய் நின்று, உள்ளங்கையை விரித்து அதை நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்து வா என்று தலையை அசைத்தார். பெனின் ஆபீஸ் படியில் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, சரக்குக்குத்தானே முதலில் வழி என்று கேட்டார்.

"செத்த நேரம் நில்லுங்க. மொதல்ல இவிய போகட்டும்."

நான் பெரிய கேட்டு வழியாக வெளியே நடந்தேன். மறுபடியும் ஹாரன் அடித்தது. அவர் கையை இறக்கவில்லை.